நோயுடன் பிறக்கும் உயிர்

நுழையும்முன்
மனிதரின் நோய் தீர்க்க அறிவியல் உழைக்கிறது. அதற்காக வேறோர் உயிரை நோயுடனேயே பிறக்கச் செய்வது அறமாகுமா என்னும் வினாவை இப்பாடம் ஆராய்கிறது.

மதுரையில் 1904ஆம் ஆண்டு பிறந்தவர் ருக்மிணி தேவி அருண்டேல். பரதநாட்டியத்திற்கு அவர் ஆற்றிய தொண்டை நாடறியும். மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது, வாயில்லா உயிர்களைக் காக்க 1953இல் அவர் தனிநபர் சட்ட முன்வரைவு ஒன்றைக் கொண்டுவந்தார். அம்முயற்சியே 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்திற்கு வழிவகுத்தது. அச்சட்டம் விலங்குகள் மீதான ஆய்வை முற்றிலும் விலக்கவில்லை. இயன்றவரை அதனைத் தவிர்க்கவும், தேவையற்ற வலி நேராமல் காக்கவும் மேற்பார்வைக் குழுவைப் பொறுப்பாக்கியது.

அன்று, இயல்பாகப் பிறந்த விலங்குகளே ஆய்வுக்கு உட்பட்டன. பின்னாளில் நிலை மாறியது. ஹார்வர்டு பல்கலைக்கழக அறிஞர்கள், புற்றுநோயைத் தூண்டும் மரபணுவைச் சுண்டெலியின் கருவில் செலுத்தினர். அவ்வெலியும் அதன் வழித்தோன்றல்களும் எளிதில் புற்றுநோய்க்கு ஆளாயின. இதற்கு அமெரிக்கா 1988இல் காப்புரிமை வழங்கியது. கனடாவின் உச்சநீதிமன்றமோ 2002இல் மறுத்தது. இந்தியச் சட்டமும் விலங்குகளுக்குக் காப்புரிமை வழங்குவதில்லை.

இத்தகைய எலிகளால் விளையும் பயன் பெரிது. புற்றுநோய் தோன்றி வளரும் முறையை அறியவும், மருந்துகளை ஆராயவும் அவை துணைபுரிகின்றன. நோயாளியின் படுக்கை அருகே அமர்ந்திருப்பவரிடம் 'இவ்வாய்வு வேண்டா' என்று கூறுதல் எளிதன்று.

ஆயினும், உள்ளம் அமைதியுறுவதில்லை. ஊசியால் நேரும் வலியை நிறுத்திவிடலாம். மரபணுவில் பொதிந்த நோயோ பிறப்போடு வந்து வழிவழியாகத் தொடர்கிறது. வேண்டிய மரபணு அமையாமல் பிறக்கும் குட்டிகள் பல, பயனற்றவை எனக் கொல்லப்படுகின்றன. 'தேவையற்ற வலி' என்று சட்டம் கூறும்போது, அத்தேவை யாருடையது? முடிவெடுப்பவர் மனிதர், வலியைச் சுமப்பதோ விலங்கு.

இங்கிலாந்து அறிஞர்களான ரஸ்ஸல், பர்ச் ஆகிய இருவரும் 1959இலேயே மூன்று நெறிகளை வகுத்தனர். மாற்றுவழி இருப்பின் அதனைக் கொள்ளுதல், விலங்குகளின் எண்ணிக்கையைக் குறைத்தல், அவற்றின் துன்பத்தைத் தணித்தல் என்பன அவை. இந்தியாவில் 2023இல் திருத்தப்பட்ட மருந்து விதிகள், உயிரணு வளர்ப்பு, கணினி மாதிரி முதலிய மாற்றுமுறைகளுக்கும் இடமளித்துள்ளன.

உயிரிரக்கம் அறிவியலுக்குப் பகையன்று. ஒவ்வோர் ஆய்விற்கும் முன்னர், 'இது இன்றியமையாததா? வேறு வழியில்லையா?' என்று வினவச் செய்வது அதுவே. அவ்வினா எழாத ஆய்வுக்கூடத்தில் சட்டம் ஏட்டளவிலேயே நின்றுவிடும்.

கற்பவை கற்றபின்
'ஆய்வின் பயன் பெரிதாயின் விலங்கின் துன்பத்தை ஏற்கலாம்' என்னும் கருத்தை ஒட்டியும் வெட்டியும் வகுப்பில் உரையாடுக.