பில் சாஃப்ட்வேருக்கும் பாரம் ஏற்றிப் பாருங்கள்

பாரம் ஏற்றிப் பார்க்காமல் வண்டி வாங்குவோமா? பெரம்பலூரில் என் மொத்தக் கடையில், ஒரு மேசையில் நன்றாக ஓடிய பில் சாஃப்ட்வேர், பொங்கலுக்கு முன்தினம் நான்கு மேசையிலும் சேர்ந்து பில் போட்டதும் நின்றுவிட்டது. அரியலூரிலிருந்து வந்த கடைக்காரர்கள் சரக்கெடுக்காமல் திரும்பினார்கள். 2017 ஆகஸ்டில் முதல் ஜி.எஸ்.டி. கணக்குக்கு எல்லோரும் கடைசி நேரத்தில் முண்டியபோது இணையதளமே திணறியது; கெடு 20-இலிருந்து 25-ஆம் தேதிக்குப் போனது.

இந்தப் பளுவை முன்கூட்டியே சோதிக்கக் கருவிகள் உண்டு. ஜேமீட்டர் இலவசம், ஆனால் அது திரையில் பட்டன் அழுத்தாது, டேட்டாபேஸோடு நேரே பேசும். உங்கள் சாஃப்ட்வேரும் அப்படிப் பேசினால் அதுவே போதும். வேறு வழியில் பேசினால், லோட்ரன்னர் போல பல வழிகள் தெரிந்த, விலை கூடிய கருவி தேவைப்படலாம். ஆகவே விற்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: "சர்வரோடு எந்த வழியில் பேசுகிறது? எந்தக் கருவியில், எத்தனை மேசைக்குச் சோதித்தீர்கள்?"

பதில் எதுவானாலும், எல்லா மேசையிலும் ஒரே நேரத்தில் அரைமணி பில் போட்டுப் பார்த்த பிறகே பாக்கிப் பணத்தைக் கொடுங்கள். சிறு கடைக்கு இதுவே சரியான சோதனை.