பெட்ரோமாக்ஸ் விளக்கின் இறுகிய வால்வு

பெட்ரோமாக்ஸ் விளக்கை இக்காலத்து மாணவர் பெரும்பாலும் திரைப்படத்தினாலேயே அறிவர். 1984-இல் வெளிவந்த 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் அதன் மேண்டில் பட்ட பாட்டைக் கண்டு நகையாதார் இலர். ஆயின், மேண்டில் போனால் வேறொன்று கட்டிக்கொள்ளலாம். பம்பின் அடியிற் கிடக்கும் சிறு வால்வு கெட்டு, கழலாதும் இறுகிவிட்டால் விளக்கே பாழாம். அதனைக் கழற்றும் வகையை யாம் பட்டறிந்தவாறு ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

அபிராமபுரத்தில் எம் பாட்டியார் இல்லத்துப் பரணில் அத்தகைய விளக்கொன்று கிடந்தது. முன்னாளில் கிறிஸ்துமஸ் கீதபவனியில் முன்னே தூக்கிச் செல்லப்பட்டது அது. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளத்தால் மின்சாரம் அற்ற இரவுகளில் அதனை இறக்கினர், எரியவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இறக்கினர், அப்போதும் எரியவில்லை. பம்பின் கோலை அழுத்தினால் அது தானே மேலெழும்பிற்று. சிறிது நேரத்தில் மண்ணெண்ணெயும் பம்பின் வாய்வழியே கசிந்தது. பழைய இரும்புக்கடைக்குப் போட்டுவிடுவதென வீட்டார் முடிவு செய்தனர். பாட்டியார் மட்டும் இசைந்திலர். யாம் பத்துநாள் தவணை கேட்டு, உடன்பயிலும் நண்பரொருவரைத் துணைகொண்டு, சென்ற விடுமுறையில் அதனைக் கையிலெடுத்தோம்.

இவ்விளக்கை ஆக்கியவர் பெர்லின் நகரத்து எரிக் – கிரேட்ஸ் நிறுவனத்தார். பெட்ரோலியம் என்பதனோடு மாக்ஸ் கிரேட்ஸ் என்பாரது பெயரின் முற்பகுதி கூடிப் பெட்ரோமாக்ஸ் ஆயிற்று. ஆவெர் பான் வெல்ஸ்பாக் என்னும் ஆஸ்திரிய அறிஞர் 1891-இல் செப்பஞ்செய்த மேண்டில் தோரியமும் சிறிது சீரியமும் கொண்டது. அத்தோரியம் பொதிந்த மணல் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் உண்டென்று 1909-இல் கண்டவரும் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானியரே. இது நிற்க.

தொட்டியிலுள்ள மண்ணெண்ணெயைக் காற்றின் அழுத்தம் மேலே தள்ள, அது சூடேறிய குழாயில் ஆவியாகி மேண்டிலில் எரிகின்றது. அக்காற்றைத் தொட்டிக்குள் விட்டு, மீளவிடாது தடுப்பதே நம் வால்வின் தொழில். ஒருபுறமே திறக்கும் மதகு எனலாம். பித்தளைக் கூட்டினுள் ஒரு சிறு சுருள்வில், அதன் முனையில் ஒரு ரப்பர்த் துண்டு, இவ்வளவே. ரப்பர் முதிர்ந்து கல்லாகிவிட்டால் வாய் மூடாது. அழுத்திய காற்று பம்பிற்கே திரும்பும். ரப்பரை மாற்ற வால்வைக் கழற்றல் வேண்டும். அதுவோ பம்புக்குழலின் அடியில் ஈய வளையத்தின்மேல் திருகப்பட்டுக் கிடக்கின்றது. பல்லாண்டு நின்ற மண்ணெண்ணெய் அரக்குப்போற் படிந்து மரைகளைப் பிணித்துவிடுகின்றது.

முதல்நாள் யாம் செய்தது பிழை. கைக்கு அகப்பட்ட மெல்லிய திருப்புளியை விட்டு வலிந்து திருகினோம். பித்தளை மென்மையானது, வால்வுத் தலையின் வெட்டுப்பள்ளத்தில் ஓரம் ஒன்று சிதைந்தது. மற்றை ஓரமும் சிதைந்திருப்பின் துளையிட்டுத்தான் எடுத்தல் வேண்டும். குழலும் உடன் போயிருக்கும். அன்றிரவு உறக்கம் வரவில்லை.

அடுத்தநாள், குழலின் உள்ளகலத்திற்குச் சற்றே குறைந்த முனையுடைய நீண்ட திருப்புளியைத் தேடிப் பெற்று, பள்ளத்தில் அசைவின்றிப் பொருந்துமாறு அரத்தால் அராவிக்கொண்டோம். இதற்கே ஒரு பகல் சென்றது. ஆயினும் இதுவே வேலையிற் பாதி என்போம்.

நண்பர் ஊதுவிளக்கால் சுடலாமென்றார். யாம் மறுத்தோம். பழைய விளக்குகள் பலவற்றில் குழல் தொட்டியோடு ஈயப் பற்றாசினால் ஒட்டியுள்ளது. (பற்றாசு என்பது நூல்வழக்கு, பட்டறையில் பற்றவைத்தல் என்பர்.) ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசு 183 பாகை செல்சியஸ் அளவிலேயே உருகத் தொடங்கும். அன்றியும், வெறுந்தொட்டியில் தங்கிய மண்ணெண்ணெயாவி தீயைக் கண்டால் என்னாகுமென்று சொல்லவேண்டுவதில்லை. கொதிநீரின் சூடோ 100 பாகையைக் கடவாது.

ஆகவே தொட்டியை வடித்து, மூடியைத் திறந்து, வெளியில் உலரவிட்டோம். பின்னர்ப் பம்பின் வாய் மேல்நோக்குமாறு சாய்த்துவைத்து, துருவிளக்கும் எண்ணெயை அடியிலே சொட்டவிட்டு, இரவெல்லாம் ஊறவைத்தோம். காலையில் குழலிற் கொதிநீர் வார்த்துச் சிறிது பொறுத்துக் கவிழ்த்தோம், மீண்டும் எண்ணெய். சூட்டில் விரிந்தும் ஆறியபின் சுருங்கியும் பித்தளை அசைய, அவ்வரக்குப் பிடி தளர்கின்றது. இடுக்கில் எண்ணெய் புகுகின்றது. நாளுக்கு மும்முறையாக நான்கு நாள் இங்ஙனம் செய்தோம்.

ஒவ்வொரு முறையும் நண்பர் தொட்டியைச் சாக்கிற் சுற்றி மடியில் அணைத்துக்கொள்ள, யாம் உடற்பாரம் முழுவதும் திருப்புளியின்மேல் இருத்தி, அதன் பிடியை மரச்சுத்தியால் மெல்லத் தட்டி, முதலில் வலஞ்சுழியாக மயிரிழையளவு இறுக்கி, அதன்பின் இடஞ்சுழியாகத் திருப்பினோம். இறுக்குவது எதற்கென்று வினவலாம். பிடி எப்பக்கம் விட்டாலும் விட்டதே. சிதைந்த ஓரத்திற்கும் இளைப்பாறல். ஐந்தாம் நாள் மாலை 'டக்' என்றொரு ஓசை. திருப்புளிதான் நழுவிற்றென்று அஞ்சினோம், வால்வே கழன்றிருந்தது.

உள்ளிருந்த ரப்பர் மிளகுபோற் கறுத்து இறுகியிருந்தது. எண்ணெய்க்குக் கெடாத நைட்ரைல் ரப்பரில் துண்டு நறுக்கி வைத்து, புதிய ஈய வளையமிட்டு, பம்பின் தோல் வாசரையும் எண்ணெயில் ஊறவைத்துப் பூட்டினோம். வெறுந்தொட்டியிற் காற்றடித்து வாளித்தண்ணீரில் அமிழ்த்தியபோது குமிழி ஒன்றும் எழவில்லை. ஒன்பதாம் நாள் இரவு விளக்கு ஏறிற்று. பாட்டியார் ஒளியைப் பாராது, அழுத்திய இடத்திலேயே நின்ற பம்பின் கோலையே பார்த்திருந்தார். மறுநாள் வந்த இரும்புக்கடைக்காரர் ஒரு பழைய மின்விசிறியை மட்டும் எடுத்துச் சென்றார்.