சுவருக்கு அந்தப் பக்கம்

அன்புள்ள தம்பிக்கு,

நண்பர்களோடு சேர்ந்து கூவம் கரைச் சுவர்களில் மீனும் தாமரையும் வரையப் போவதாக எழுதியிருந்தாய். ஆறு நன்றாக இருக்க வேண்டும் என்று இந்த வயதில் உனக்குத் தோன்றியதே எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் பெயின்ட் வாங்கும் முன் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார். குழாயிலிருந்து கழிவுநீர் ஆற்றில் கொட்டிக்கொண்டிருக்கும். அதை மறைத்து நிற்கும் தாமரையால் ஆற்றுக்கு ஒரு பயனும் இல்லை.

சீனாவில் செங்து நகரத்தின் ஆறும் இப்படித்தான் நாறிக் கிடந்தது. 1995இல் அமெரிக்கக் கலைஞர் பெட்ஸி டேமன் அந்நாட்டுக் கலைஞர்களைச் சேர்த்துக்கொண்டு கரையிலேயே நிகழ்த்துகலைகள் நடத்தினார். அதில் யின் ஷியூஜென் என்ற பெண் கலைஞர் செய்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஆற்றின் அழுக்கு நீரைப் பத்து கன மீட்டர் எடுத்து உறைய வைத்தார். அந்தப் பனிக்கட்டிகளைக் கரையில் அடுக்கி, நல்ல தண்ணீரைக் கொடுத்து, போகிற வருகிறவர்களைக் கழுவச் சொன்னார். ஜனங்கள் நின்று தேய்த்தார்கள். அழுக்கு கட்டியின் மேலே இல்லை, உள்ளே உறைந்திருக்கிறது. தேய்க்கத் தேய்க்கக் கட்டிதான் கரைந்தது. ஆற்றை நாசமாக்கிய பிறகு கழுவுவது எவ்வளவு கஷ்டம் என்பதை அவரவர் கையே அவரவருக்குச் சொல்லியிருக்கும்.

டேமன் அதோடு ஊருக்குத் திரும்பிவிடவில்லை. நகர அதிகாரிகளோடும் பூங்கா வடிவமைப்பாளர்களோடும் உட்கார்ந்து பேசியதில், 1998இல் அதே கரையில் மீன் வடிவில் ஒரு பூங்கா உருவானது. ஆற்று நீரை மேலே ஏற்றி, வண்டல் படியவிட்டு, காற்று கலக்கும்படி கல் வாய்க்கால்களில் சுழலவிட்டு, நாணலும் நீர்ச்செடிகளும் நிறைந்த குட்டைகள் வழியே அனுப்புகிறார்கள். கடைசியில் குழந்தைகள் அதில் விளையாடுகிறார்கள். ஆற்றின் மொத்த நீரில் இது மிகச் சிறிய பங்குதான். ஆனால் தண்ணீர் எப்படித் தெளிகிறது என்பதை ஊரே கண்ணால் பார்க்கிறது.

நம் எண்ணூரை எடுத்துக்கொள். அனல்மின் நிலையச் சாம்பல் கழிமுகத்தில் படிகிறது, மீன்பாடு போகிறது என்று மீனவர்கள் பல வருடமாக மனு கொடுத்து வந்தார்கள். 2017 பொங்கலுக்கு வந்த ‘சென்னை புறம்போக்கு பாடல்’ அவர்களுடைய குரலைச் சபாக்காரர்களின் காதுவரை கொண்டுபோனது. எழுதியவர் கபேர் வாசுகி. கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா அதை எண்ணூரிலேயே பாடினார். அதனால் எல்லாம் சரியாகிவிடவில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் அந்தக் கழிமுகத்தில்தான் எண்ணெய் பரவிப் படிந்தது. ஆனாலும் அந்தப் பாட்டு அவசியமானது என்றே நினைக்கிறேன். போராட்டம் மீனவர்களுடையது, பாட்டு அதற்குத் துணை நின்றது. நீயும் அப்படித் துணை நில்.

அதற்கு முதலில் கரையில் குடியிருப்பவர்களிடம் பேசு. கூவத்தைச் சீரமைப்பதாகச் சொல்லி எத்தனையோ குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். வேலையும் பள்ளிக்கூடமும் இங்கே, வீடு எங்கோ. ‘அழகுபடுத்த வந்திருக்கிறோம்’ என்று நீங்கள் போய் நின்றால் மிச்சமிருப்பவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். அவர்கள் வேண்டாம் என்று சொல்லும் சுவரைத் தொடாதே.

பிறகு, மாசி பங்குனியில் அவர்களில் நாலு பேரோடு கரையோரமாக நட. மழையே இல்லாத நாளில் மழைநீர் வடிகாலிலிருந்து தண்ணீர் வந்தால் பெரும்பாலும் அதில் கழிவுநீர் கலக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொன்றையும் குறித்துக்கொள். எந்தத் தெருவின் கழிவு எங்கே ஆற்றில் விழுகிறது என்று பெரிய வரைபடமாக அந்தச் சுவரிலேயே வரையுங்கள். அந்தத் தெருப் பிள்ளைகளும் கூடவே வரையட்டும். முடிந்ததும் வார்டு கவுன்சிலரையும் குடிநீர் வாரியப் பொறியாளரையும் அழைத்து, அந்தச் சுவரின் முன்னால் நிறுத்திக் கேள்வி கேளுங்கள். தேதி குறித்ததும் எனக்கு எழுது, கட்டாயம் வருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்