கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

வானொலிக்குப் புதிதாக வரும் பெண்ணுக்கு முதலில் கிடைக்கும் பாராட்டு, “உங்க குரல் நல்லா இருக்கு” என்பதுதான். சந்தோஷமாக வாங்கிக்கொள்ளம்மா. ஆனால் மைக் முன்னால் பெண்கள் வந்து உட்கார்ந்து எத்தனையோ காலமாகிவிட்டது. நிலையத்தை நடத்தும் நாற்காலிக்கு வருவதில்தான் இன்னும் தாமதம். அந்த நாற்காலியில் கண் வைத்திருப்பவளுக்கு, இந்தத் தொழிலில் நரைத்தவள் சொல்லும் சில வார்த்தைகள்.

1. யார் முடிவெடுக்கிறார்கள் என்று பார். 1946-இல் பெண்களுக்கென்றே பிபிசி ‘உமன்ஸ் அவர்’ நிகழ்ச்சியைத் தொடங்கியபோது, அதை முதலில் தொகுத்து வழங்கியது ஓர் ஆண். யார் பேசலாம், எவ்வளவு நேரம் பேசலாம் என்பதெல்லாம் ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உள்ள அறையில் தீர்மானமாகிறது. அந்த அறைக்குள் போவதற்கு என்னென்ன வேலை தெரிய வேண்டும் என்று இன்றே விசாரி.

2. எழுதப் பழகு. 1927-இல் பிபிசியின் உரைப் பிரிவுக்கு முதல் இயக்குநரானவர் ஹில்டா மாதிசன் என்ற பெண்மணி. பொதுக்கூட்டத்தில் முழங்குவதுபோல் வானொலியில் பேசினால் எடுபடாது, வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் பேசுவதுபோல் பேச வேண்டும் என்பதைப் புரிந்துகொண்டவர். பெரிய பெரிய ஆட்களையே ஒத்திகைக்கு உட்கார வைத்தார். எழுத்தைத் திருத்தத் தெரிந்தவளிடம் நிகழ்ச்சி தானாக வந்து சேரும்.

3. இயந்திரத்தைத் தொடு. “இன்ஜினியர் பார்த்துக்கொள்வார்” என்று ஒதுங்காதே. இன்றைய தெலங்கானாவின் மாச்சனூர் கிராமத்தில் 2008-இல் தொடங்கிய ‘சங்கம் ரேடியோ’வில், ஒலிப்பதிவு, எடிட்டிங், ஒலிபரப்பு எல்லாவற்றையும் ஏழை தலித் பெண்களே கற்றுக்கொண்டு செய்தார்கள். சிறுதானியம், விதை, ஊர்ப்பாட்டு என்று எதைப் பேசுவது என்பதையும் அவர்களே முடிவு செய்தார்கள். கருவி யார் கையிலோ, பேச்சும் அவர் கையில்.

4. வரவு செலவைப் படி. பெண்கள் அதிகம் தவிர்ப்பது இதைத்தான். அதனால் இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். அமெரிக்காவில் ஹோவர்ட் பல்கலைக்கழக வானொலியின் விளம்பர விற்பனைப் பொறுப்பு 1973-இல் கேத்தி ஹியூஸிடம் வந்தது. இரண்டரை லட்சம் டாலராக இருந்த வருமானத்தை ஒரே ஆண்டில் முப்பது லட்சமாக்கினார். 1975-இல் அதே நிலையத்துக்குப் பொது மேலாளர். 1980-இல் சொந்தமாக ‘ரேடியோ ஒன்’ நிறுவனம். 1999-இல் அந்த நிறுவனம் பங்குச் சந்தைக்குப் போனது. அமெரிக்காவில் அப்படியொரு நிறுவனத்துக்குத் தலைமை தாங்கிய முதல் கறுப்பினப் பெண் அவர். அவருக்குக் கதவைத் திறந்தது விற்பனைக் கணக்கு. பத்து வினாடி விளம்பரத்துக்கு என்ன விலை, மின்கட்டணம் எவ்வளவு, எந்த நிகழ்ச்சி நஷ்டத்தில் ஓடுகிறது என்று கேட்டால் உடனே சொல்லத் தெரிய வேண்டும்.

5. கனமான நேரத்தைக் கேட்டு வாங்கு. சமையல் குறிப்பும் மதிய நேரமும் உன் பக்கம் தள்ளப்படும். நன்றாகச் செய், அதோடு நின்றுவிடாதே. டெல்லியிலிருந்து சரோஜ் நாராயண்சுவாமி தமிழ்ச் செய்தி வாசித்தபோது வீடும் டீக்கடையும் காது கொடுத்தன. தேர்தல், புயல், பட்ஜெட் நாட்களில் பொறுப்பு கேள். நெருக்கடியில் நிலையத்தைத் தாங்கியவளைப் பதவி உயர்வின்போது ஒதுக்குவது கஷ்டம்.

6. விதிப்புத்தகத்தைப் படி. 1932-இல் பிபிசி, திருமணமான பெண்களைப் பணியில் சேர்ப்பதற்குத் தடை கொண்டுவந்தது, 1944-இல்தான் நீக்கியது. நம் நாட்டில் 2024-இல் திருத்திய சமுதாய வானொலி நெறிமுறைகள், நிலையத்தின் ஆலோசனைக் குழுவில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும் என்கின்றன. வழியை அடைப்பதும் விதி, திறப்பதும் விதி. குழுவில் இடம் கிடைத்தால் கையெழுத்துப் போட்டுவிட்டு வராதே. நீ சொன்னது கூட்டக் குறிப்பில் ஏறியதா என்று பார்.

7. மேலே போனாலும் மோதல் உண்டு. நவீன இலக்கியத்தைப் பற்றிய உரைகள் தொடர்பாகத் பிபிசியின் தலைமை இயக்குநர் ரீத்துடன் ஏற்பட்ட பூசலில், முன்பு சொன்ன ஹில்டா மாதிசன் பதவியை விட்டார். எதில் விட்டுக்கொடுக்கலாம், எதில் கூடாது என்பதை நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே யோசித்து வை.

8. பொறுப்பு வந்த முதல் வாரமே பணிப்பட்டியலை எடு. அதிகாலை ஒலிபரப்புக்கு வருகிறவளுக்கு வண்டி உண்டா? குரல் தேர்வுக் குழுவில் பெண் இருக்கிறாளா? தற்காலிக அறிவிப்பாளருக்குச் சம்பளம் நாளோடு போய்ச் சேர்கிறதா? இவற்றைக் கேட்டால் மட்டும் போதாது; அன்றைக்கே சரிசெய். அதற்குக் கையெழுத்திடும் அதிகாரம் அப்போது உன்னிடம் இருக்கும். அதற்காகத்தானம்மா இத்தனை படி ஏறச் சொன்னேன்.