இரண்டு ஏக்கர் நிலமும் ஒரு பதக்கமும்

உம்ராவ் சிங் ஒரு விவசாயி. அவருக்கு இரண்டு ஏக்கர் நிலம் இருந்தது. அவர் ஒரு போர்வீரரும் ஆவார். இரண்டு மகன்களுக்கும் ஒரு மகளுக்கும் தந்தை.

அவரிடம் ஒரு பதக்கம் இருந்தது. அதை விற்றிருந்தால் கை நிறையப் பணம் கிடைத்திருக்கும். அவர் விற்கவில்லை. ஏன்? படித்துப் பார்ப்போம்.

ஊரும் பட்டாளமும்

இன்றைய ஹரியானா மாநிலத்தில் ஜஜ்ஜர் மாவட்டம் உள்ளது. அங்கே பல்ரா என்று ஒரு கிராமம். உம்ராவ் சிங் 1920இல் அங்கே பிறந்தார். விவசாயக் குடும்பம்.

நம்மில் பலர் பிழைப்பைத் தேடி ஊரை விட்டு வந்தோம். தாராவிக்கு வந்தோம். செம்பூருக்கு வந்தோம். தாணேவுக்கு வந்தோம். உம்ராவ் சிங் 1939இல் பட்டாளத்துக்குப் போனார். அந்த ஆண்டுதான் இரண்டாம் உலகப் போர் தொடங்கியது. அப்போது நம் நாட்டை பிரிட்டிஷ்காரர்கள் ஆண்டார்கள். உம்ராவ் சிங் பீரங்கிப் படையில் ஹவில்தார் ஆனார்.

பீரங்கியைக் காத்தவர்

1944 டிசம்பர் 15. இரவு நேரம். இடம், பர்மாவின் கலாதான் பள்ளத்தாக்கு. பர்மாவுக்கு இன்று மியான்மர் என்று பெயர்.

ஜப்பான் படை குண்டு மழை பொழிந்தது. ஒன்றரை மணி நேரம் அது ஓயவில்லை. பிறகு ஜப்பான் வீரர்கள் அலை அலையாக வந்து தாக்கினார்கள். உம்ராவ் சிங்குக்குக் காயம் பட்டது. உடன் இருந்தவர்கள் பலர் இறந்தார்கள். துப்பாக்கிக் குண்டுகளும் தீர்ந்துவிட்டன.

பீரங்கியைத் தூக்க உதவும் கனமான இரும்புத் தடி ஒன்று அங்கே இருந்தது. கடப்பாரை போன்றது. அதைக் கையில் எடுத்தார். அதை வைத்தே எதிரிகளோடு போராடினார்.

ஆறு மணி நேரம் கழித்து நம் படையினர் அங்கே வந்தார்கள். உம்ராவ் சிங் நினைவின்றிக் கிடந்தார். தலையில் பல காயங்கள். முகம் அடையாளம் தெரியவில்லை. ஆனால் கை அந்தத் தடியை விடவில்லை. அவர் காத்த பீரங்கி அன்றே மறுபடியும் வேலை செய்தது.

அவருக்கு விக்டோரியா கிராஸ் பதக்கம் கிடைத்தது. வீரத்துக்காக பிரிட்டிஷ் அரசு தரும் மிக உயர்ந்த பதக்கம் இது. 1945 அக்டோபரில் லண்டன் அரண்மனையில் மன்னர் கையால் அதைப் பெற்றார்.

மீண்டும் வயல்

நாடு விடுதலை அடைந்தது. உம்ராவ் சிங் இந்திய ராணுவத்திலும் பணி செய்தார். பிறகு ஊர் திரும்பினார். தன் இரண்டு ஏக்கர் நிலத்தில் பயிர் செய்தார்.

இரண்டு ஏக்கரை நம்பிக் குடும்பம் நடத்துவது எளிதா? உங்களுக்கே தெரியும். அவரும் பணக் கஷ்டத்தில்தான் இருந்தார். அப்போது அந்தப் பதக்கத்தை விலைக்குக் கேட்டு ஆள் வந்தது. பெரிய தொகை தருவதாகச் சொன்னார்கள்.

பதக்கம் தங்கம் அல்ல, வெறும் வெண்கலம். ஆனாலும் அவர் தர மறுத்தார். அதை விற்றால் போரில் உயிர் விட்டவர்களின் மதிப்புக்குக் களங்கம் வரும் என்று சொன்னார்.

உயிர் விட்டவர்கள் யார்? நம் தாணேவுக்குப் பக்கத்தில் ராய்கட் மாவட்டம் இருக்கிறது. அந்த மாவட்டத்துக்காரர் யஷ்வந்த் காட்கே. அவரும் அதே போரில் இத்தாலி நாட்டில் சண்டையிட்டார். 1944 ஜூலையில் அங்கேயே இறந்தார். அவருக்கு வயது 22தான். அவர் இறந்த பிறகு அவருக்கும் இதே பதக்கம் தரப்பட்டது. அவர் உழவோ குடும்பமோ பார்க்க ஊர் திரும்பவில்லை. இப்படிப்பட்டவர்களை நினைத்துத்தான் உம்ராவ் சிங் பதக்கத்தை விற்கவில்லை.

கேட்டார், கிடைத்தது

1995இல் லண்டனில் ஒரு விழா நடந்தது. போர் முடிந்து 50 ஆண்டுகள் ஆனதைக் கொண்டாடும் விழா. உம்ராவ் சிங்கும் போனார். முக்கிய விருந்தினர்களுக்கு என்று தனி இடம் இருந்தது. அங்கே அவரை உள்ளே விடாமல் தடுத்தார்கள். ஒரு ராணுவ அதிகாரி அவருடைய மேல்கோட்டில் இருந்த பதக்கத்தைப் பார்த்தார். உடனே மரியாதையோடு உள்ளே அழைத்தார்.

அங்கே உம்ராவ் சிங் பிரிட்டிஷ் பிரதமர் ஜான் மேஜரைச் சந்தித்தார். தனக்காக எதுவும் கெஞ்சவில்லை. நியாயத்தைச் சொன்னார். விக்டோரியா கிராஸ் பெற்றவர்களுக்கு ஆண்டுக்கு 168 பவுன் பணம்தான் வந்தது. பவுன் என்பது பிரிட்டன் நாட்டு நாணயம். பல ஆண்டுகளாக அந்தத் தொகை உயரவே இல்லை.

அதே ஆண்டில் அந்தத் தொகை 1,300 பவுன் ஆக உயர்ந்தது. உம்ராவ் சிங்குக்கு மட்டும் அல்ல. அந்தப் பதக்கம் பெற்று உயிரோடு இருந்த எல்லோருக்கும் உயர்ந்தது.

2005 நவம்பர் 21 அன்று உம்ராவ் சிங் காலமானார். அவருக்கு வயது 85. ராணுவ மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடந்தது.

உழைத்த பணம் பிச்சை அல்ல

விற்கக் கூடாததை அவர் விற்கவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்காமலும் இருக்கவில்லை. பென்ஷன், பி.எஃப்., சம்பளப் பாக்கி எல்லாம் நாம் உழைத்த பணம். அதைக் கேட்பதில் வெட்கம் இல்லை.

உங்கள் குடும்பத்தில் பட்டாளத்தில் இருந்தவர் உண்டா? பென்ஷன் வாங்குகிறவர் ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். அவர் இறந்தால் மனைவிக்குக் குடும்ப பென்ஷன் உண்டு. பென்ஷன் தாளில் மனைவியின் பெயர் சரியாக இருக்கிறதா? இன்றே எடுத்துப் படித்துப் பாருங்கள். தவறு இருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள். இப்போது நமக்குப் படிக்கத் தெரியும். நம் தாளை நாமே படிக்கலாம்.

பேசுவோம்

1. நீங்களாக இருந்தால் அந்தப் பதக்கத்தை விற்றிருப்பீர்களா? ஏன்?
2. உங்களுக்கு வர வேண்டிய பணம் எங்காவது நிற்கிறதா? யாரிடம் கேட்க வேண்டும்?

கணக்குப் போடுவோம்

ஆண்டுக்கு 168 பவுன் என்றால் மாதத்துக்கு எத்தனை பவுன்?

எழுதுவோம்

பதக்கம், வீரம், நிலம், பென்ஷன், உரிமை. ஒவ்வொரு சொல்லையும் வைத்து ஒரு வாக்கியம் எழுதுங்கள்.