பொருநைக் கரையில் ஒரு நடைவழி

தைப்பூசக் காலத்தில் திருச்செந்தூரை நோக்கிப் பல நாள் நடந்து செல்லும் அடியார் கூட்டத்தைத் தூத்துக்குடி வட்டாரத்தில் அறியாதவர் இலர். வழிநெடுக அவர்களுக்கு நீர்மோரும் உணவும் அளிப்பதை நம் மக்கள் கடமையாகவே கருதி வந்துள்ளனர். ஆகவே பல நாள் நடை என்பது நமக்குப் புதிய செய்தியன்று. ஆனால் பழைய நகரங்களின் இடிபாடுகளைக் காண்பதற்கென்றே வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டு, நாலைந்து நாள் மலையும் காடும் கடந்து நடப்பதை விடுமுறை இன்பமாகக் கொள்வோரும் உலகில் பலர் உள்ளனர். அதற்கு அவர்கள் பெரும்பொருள் செலவிடுகின்றனர். இத்தகையோர் நம் ஊர்களுக்கும் வருதல் கூடும். வரவேண்டும் என்பதே நம் விருப்பமுமாகும். வந்தால் அவர்கள் செலவிடும் பொருளில் எவ்வளவு ஊரில் தங்கும், அவர்கள் காண வந்த பழம்பொருள் எவ்வளவு ஊரில் எஞ்சும் என்னும் இரண்டு கேள்விகளுக்கு முன்கூட்டியே விடை காண வேண்டியவர்கள் ஊராட்சி அங்கத்தினரும் நிலமுடையோருமே ஆவர்.

இதனை நன்கு விளங்கிக்கொள்வதற்குத் தென் அமெரிக்காவிலுள்ள பெரு நாட்டின் அனுபவத்தை முதலில் நோக்குவோம். அங்கே ஆண்டீஸ் மலைத்தொடரில், கடல் மட்டத்திற்கு மேல் 2,430 மீட்டர் உயரத்தில், மச்சு பிச்சு என்னும் பழம்பதி இருக்கின்றது. பதினைந்தாம் நூற்றாண்டில் இன்கா அரசர்கள் எழுப்பிய ஊர் அது. அவ்வூருக்கு இன்கா மக்கள் அமைத்த கல் பாவிய மலைப்பாதை ஒன்றும் எஞ்சியுள்ளது. ஏறத்தாழ 43 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையை நான்கு நாளில் நடந்து முடிக்கின்றனர். வழியில் 4,200 மீட்டர் உயரமுள்ள கணவாய் ஒன்றை ஏறிக் கடக்க வேண்டும். சிதைந்த சிற்றூர்கள் பல அப்பாதையின் ஓரத்திலேயே உள்ளன.

ஒரு காலத்தில் யார் வேண்டுமாயினும், எத்தனை பேர் வேண்டுமாயினும் அங்கே நடக்கலாம் என்றிருந்தது. விளைவு யாதென நாமே ஊகித்துக்கொள்ளலாம். குப்பை குவிந்தது, படிக்கற்கள் தேய்ந்தன. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசு விழித்துக்கொண்டது. உரிமம் பெற்ற வழிகாட்டியின்றி எவரும் அப்பாதையில் செல்லலாகாது என்று விதி செய்தது. நாளொன்றுக்கு 500 பேருக்கே அனுமதி. இத்தொகையில் வழிகாட்டிகளும் சுமையாளர்களும் அடக்கம். ஆண்டுதோறும் பிப்ரவரி மாதம் முழுதும் பாதையை அடைத்துவிட்டுப் பழுது பார்க்கின்றனர். ஊன்றுகோலின் இரும்பு முனை கல்லைச் சிதைக்கும் என்பதால், முனைக்கு ரப்பர் உறை இடாத கோலை எடுத்துச் செல்லவும் தடை உண்டு. இவ்வளவு சிறிய செய்திக்கும் விதி வேண்டுமா என்று நமக்குத் தோன்றலாம். ஆண்டுக்குப் பல்லாயிரம் கோல்கள் ஒரே படியில் ஊன்றப்படுமாயின் அப்படி என்ன ஆகும் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சுமையாளரின் நிலையே நம் கவனத்திற்கு மிகவும் உரியது. அவர்களிற் பெரும்பாலோர் கெச்சுவா மொழி பேசும் மலைக் குடியானவர்கள். உருளைக்கிழங்கும் சோளமும் விளைவிப்பவர்கள். நிலத்தில் வேலை இல்லாத நாட்களில் கூலிக்குச் சுமை தூக்க வருபவர்கள். அளவுக்கு மிஞ்சிய பாரத்தை முதுகிலேற்றி, இரவில் குளிரில் வெட்டவெளியில் படுத்துறங்கி அவர்கள் உழைத்தனர். பயணத்தின் ஊதியமோ பெரும்பாலும் நகரத்திலுள்ள முகவர்களுக்குச் சென்றது. 2001ஆம் ஆண்டில்தான் அவர்களுக்கெனத் தனிச் சட்டம் பிறந்தது. ஒருவர் தூக்கும் சுமை 20 கிலோவுக்கு மேற்படலாகாது என்று வரையறுக்கப்பட்டது. பாதை தொடங்கும் இடத்திலேயே சுமையைத் தராசில் நிறுத்துப் பார்க்கின்றனர். சட்டம் வந்ததனால் எல்லாம் ஒரே நாளில் சீர்ப்பட்டுவிடவில்லை. எனினும் தராசு ஒன்று நடுவே வந்து நின்றது பெரிய மாறுதலேயாகும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஆண்டீஸைப் போன்ற உயர்மலை ஏற்றம் தூத்துக்குடிக் கரையில் இல்லை. கழுகுமலையில் பாறையை உச்சியிலிருந்து கீழ்நோக்கிக் குடைந்து, முடிவு பெறாமலே விடப்பட்ட வெட்டுவான் கோயிலும் சமணச் சிற்பங்களும் உள்ளன. அது தனியே ஒரு நாள் காணத்தக்கது. ஆனால் பல நாள் நடைக்கு ஏற்ற தொடர்ச்சியான பழம்பதிகள் தாமிரபரணியின் கடைப்பகுதியிலேயே உள்ளன. காயல்பட்டினத்தில் தொடங்கி, புன்னைக்காயல், ஆத்தூர், பழையகாயல், கொற்கை, ஏரல், சிவகளை, ஸ்ரீவைகுண்டம் வழியாக ஆதிச்சநல்லூரில் முடியும் நடைவழி ஒன்றை வகுப்போமாயின், நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டராக நான்கைந்து நாளில் அதனைக் கடந்துவிடலாம்.

இவ்வழியின் சிறப்பு ஒன்றுண்டு. காரிற் செல்பவருக்கு அது தோன்றாது, நடப்பவருக்கே தோன்றும். கடலிலிருந்து உள்நாட்டை நோக்கி நடக்க நடக்கக் காலம் பின்னோக்கிச் செல்லும். காரணம் ஆற்றின் வண்டல்தான். பாண்டியரின் முத்துத் துறைமுகமாக விளங்கிய கொற்கையைக் கிரேக்க மாலுமிகளும் தாலமியும் குறித்துள்ளனர். இன்று கொற்கையில் நின்று பார்த்தால் கடல் தெரிவதில்லை. பல கிலோமீட்டர் கிழக்கே அது ஒதுங்கிவிட்டது. ஆறு கொணர்ந்த மண் துறையைத் தூர்த்தது. வாணிகம் கிழக்கே காயலுக்குப் பெயர்ந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, ஹொர்முசு, ஏடன் முதலிய துறைகளிலிருந்து குதிரைகள் வந்திறங்கிய பெருந்துறையாகக் காயலைக் கண்டார். பின்னர் அந்தக் காயலும் மணலில் மேடாயிற்று. ஆற்றின் வாயிலிலுள்ள புன்னைக்காயல் பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியரின் இருப்பிடமாயிற்று. 1586ஆம் ஆண்டில் தமிழ் நூலொன்று அங்கே அச்சேறியது. இறுதியில் தூத்துக்குடி தலையெடுத்தது. நம் வயலுக்கு உரமாக வந்த அதே வண்டலே துறைமுகங்களைக் கொன்றது. இதனை உழவர் ஒருவர் தம் நிலத்து மண்ணைக் கையிலெடுத்துக் காட்டி விளக்குவதைக் காட்டிலும் சிறந்த பாடம் வேறில்லை.

மார்க்கோ போலோ கண்ட காயல் எது என்பது பற்றி வழக்கு உண்டு. திருநெல்வேலிச் சீமையின் வரலாற்றை 1881ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்ட கால்டுவெல் ஐயர், பழையகாயலே அது என்றார். அங்கே நிலத்தில் சிதறிக் கிடந்த சீனப் பீங்கான் ஓடுகளையும் அவர் கண்டார். காயல்பட்டினத்தாரோ தம் ஊரின் தொன்மையை எளிதில் விட்டுக்கொடுப்பவரல்லர். வழிகாட்டி இரு பக்க நியாயங்களையும் கூறிவிட்டு நடுவராக இராமல் ஒதுங்கிக்கொள்வதே அவருக்கு நலம்!

கொற்கையில் 1968-69ஆம் ஆண்டுகளில் தமிழக அரசின் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது கிடைத்த கரித்துண்டு கி.மு. 785ஆம் ஆண்டளவினதென்று கணிக்கப்பட்டது. சிவகளைச் செய்தி உழவருக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே முதுமக்கள் தாழி ஒன்றனுள் இருந்த நெல் உமியை அமெரிக்க ஆய்வகத்திற்கு அனுப்பிச் சோதித்ததில், அது கி.மு. 1155ஆம் ஆண்டைச் சார்ந்தது எனத் தெரிந்தது. 2021ஆம் ஆண்டில் தமிழ்நாடு சட்டமன்றத்திலேயே இது அறிவிக்கப்பட்டது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் இறந்தவருக்கு வைத்த நெல்லும், இன்று அதே ஆற்றுப் பாசனத்தில் விளையும் பிசான நெல்லும் ஒரே கரையில் நிற்பதை வயலோரமாக நடந்து வருபவரே உணர்வர்.

இவ்வளவு செல்வத்தை நாம் காத்த விதம் பெருமைக்குரியதன்று. 1876ஆம் ஆண்டில் ஜெர்மானியரான யாகோர் என்பவர் ஆதிச்சநல்லூரில் அகழ்ந்து, கிடைத்தவற்றைப் பெர்லினுக்கு எடுத்துச் சென்றார். 1899ஆம் ஆண்டு தொடங்கி அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தெடுத்த பொன் பட்டங்களும் வெண்கலப் பொருள்களும் சென்னை அருங்காட்சியகத்தை அடைந்தன. நூறாண்டுகளுக்கு மேலாக, ஆதிச்சநல்லூரார் தம் ஊர்ப் பொருளைக் காணச் சென்னைக்குச் செல்ல வேண்டியிருந்தது. 2023ஆம் ஆண்டில்தான், அகழ்ந்த குழியில் தாழிகளை இருந்த இடத்திலேயே வைத்து, மேலே கண்ணாடி அமைத்துக் காட்டும் ஏற்பாடு அவ்வூரில் திறக்கப்பட்டது. பெரிய பொருள்களை அந்நியர் எடுத்துச் சென்றனர் என்று நாம் வருந்துகிறோம். சிறிய ஓடுகளை நடைப்பயணிகள் பையிலிட்டுச் செல்லும்படி விடலாமோ? ஓடு தானே என்பர். எந்த மண் அடுக்கில், எதன் அருகில் கிடந்தது என்பது தெரிந்தால்தான் அந்த ஓடு பேசும். பைக்குள் சென்றபின் அது வெறும் சில்லு. ஆதலின் முதல் நாள் காலையிலேயே வழிகாட்டி இதனை எடுத்துரைத்தல் வேண்டும்.

நிலமுடையோர் அறிய வேண்டிய சட்டங்களும் உள. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதைபொருள் நிலத்தில் அகப்பட்டால், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் அறிவித்தல் வேண்டும். அறிவித்தால் எல்லாம் போய்விடும் என்ற அச்சம் நம்மிடையே பரவியுள்ளது. அது சரியன்று. பொருளுக்கு உரிமை கோருவார் வேறெவரும் இல்லையாயின், தனி உடன்படிக்கை இல்லாதவிடத்து, முக்கால் பங்கு கண்டெடுத்தவருக்கும் கால் பங்கு நிலத்துக்குரியவருக்கும் சேரும். அரசே அதனைக் கையகப்படுத்தினால், பொருளின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டி அளிக்க வேண்டும் என்பது விதி. மறைப்பவருக்கோ பங்கும் போகும், தண்டனையும் உண்டு. மற்றொன்று, மத்திய அரசின் பாதுகாப்பிலுள்ள நினைவுச் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் எழுப்பலாகாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரையில் அனுமதி பெற்றே எழுப்பலாம். பயணிகளுக்கென விடுதி கட்ட எண்ணுவோர் முதலில் நூல் பிடித்து அளந்து பார்ப்பது நன்று.

அன்றியும், விடுதி என்று தனியே கட்டித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. சுத்தமான கழிப்பறையும், காய்ச்சி ஆற்றிய குடிநீரும், கொசு புகாத ஓர் அறையும் உடைய வீடுகள் ஊருக்கு நான்கு இருந்தால் பத்துப் பேர் தங்கலாம். நகரத்திலிருந்து வரும் முகவர், தம் சமையற்காரரையும் தண்ணீர்ப் புட்டிகளையும் வண்டியிலேயே கொண்டுவந்து விடுவாராயின், ஊருக்கு மிஞ்சுவது எச்சில் இலையும் காலிப் புட்டியுமே. ஆகையால் உணவு, உறையுள், சுமை வண்டி, வழிகாட்டி ஆகிய நான்கும் வழியிலுள்ள ஊர்களிலிருந்தே பெறப்படுதல் வேண்டும் என்று ஊராட்சிகள் கூடி உறுதி செய்துகொள்ளலாம். காயல்பட்டினத்தில் ஒரே பெருந்தட்டைச் சூழ்ந்தமர்ந்து சகன் சாப்பாடு உண்பதும், ஆத்தூரில் கொடிக்காலைக் கண்டு வெற்றிலை வாங்குவதும் எந்த முகவரும் வண்டியிற் கொண்டுவர இயலாத இன்பங்கள். ஆத்தூர் வெற்றிலை 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றுள்ளது.

வழிகாட்டியாக உள்ளூர் இளைஞரே அமைதல் வேண்டும் என்று நாம் கூறுவது பிழைப்புக்காக மட்டும் அன்று. காயல்பட்டினத்தில் பெண்கள் போக்குவரத்துக்கென வீடுகளுக்கிடையே ஒடுங்கிய முடுக்குகள் உண்டு. அயலார் அவற்றினுள் நுழைந்து படமெடுக்கத் தொடங்கினால் அன்றோடு ஊரின் நல்லெண்ணம் போய்விடும். பள்ளிவாசலுக்குள் எப்போது செல்லலாம், கோயில் நடை எப்போது சாத்தப்படும், எந்த வாய்க்காலில் இன்று முறைத் தண்ணீர் வருகிறது என்பவற்றை உள்ளூரார் அறிவர், வெளியூரார் அறியார்.

பருவத்தைப் பற்றி மிகவும் எச்சரிக்கை தேவை. 2023ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 செண்டிமீட்டர் மழை கொட்டியது. ஓர் ஆண்டில் பெய்ய வேண்டிய மழை ஒரு நாளில் பெய்தது என்றே சொல்லலாம். தாமிரபரணி பெருகி நாம் மேலே சொன்ன ஊர்களையெல்லாம் சூழ்ந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுவிட, நூற்றுக்கணக்கான பயணிகள் வெள்ளத்தின் நடுவே அகப்பட்டனர். அருகிலுள்ள புதுக்குடி மக்கள், தாமே துன்பத்தில் இருந்தும், கைவசமிருந்த அரிசியைச் சமைத்து அவர்களுக்கு அளித்தனர். விருந்தோம்பலை நம் கிராமங்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் வானிலை எச்சரிக்கை வந்தவுடன் நடையை நிறுத்தும் அதிகாரம் வழிகாட்டிக்கு உண்டு, பணம் கட்டிவிட்டோம் என்று எவரும் வற்புறுத்தலாகாது என்பதை முன்னரே எழுத்தில் அமைத்துக்கொள்ள வேண்டும்.

எனவே வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், தைப்பொங்கல் கழிந்து மாசி நடுப்பகுதி வரை இந்நடைக்கு ஏற்ற காலம். அப்போது பிசான நெல் வயலில் நிற்கும். பத்துப் பேர் வரிசையாக வரப்பின்மேல் நடந்தால் வரப்பு இடியும், ஓரப் பயிர் மிதிபடும். ஆதலால் வழியை வயலூடே வகுக்காமல் வாய்க்கால் கரையிலும் குளக்கரையிலும் வகுப்பதே முறை. அதற்கு நீர்வளத் துறையினரின் இசைவு வேண்டும். தாழிகள் புதைந்துள்ள மேடுகளின் குறுக்கேயும் பாதை போகலாகாது, சுற்றிச் செல்லட்டும். ஒரு நாளைக்கு ஒரு குழு, குழுவுக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் என்று தொடக்கத்திலேயே எல்லை கட்டிவிடுவது எளிது; கூட்டம் பெருகியபின் குறைப்பது கடினம் என்பதைப் பெரு நாட்டார் பட்டறிந்தனர்.

இவற்றையெல்லாம் அடுத்துவரும் கிராம சபையில் வைத்துப் பேசலாம். ஓர் ஊர் மட்டும் தீர்மானித்துப் பயனில்லை; காயல்பட்டினம் நகராட்சியும் வழியிலுள்ள ஊராட்சிகளும் பேரூராட்சிகளும் ஒரே கூலியையும் ஒரே விதியையும் மேற்கொள்ள வேண்டும். முதல் நடைக்கு வெளியாரை அழைக்க வேண்டா. தை மாதத்தில் நம் உயர்நிலைப் பள்ளி மாணவர் பத்துப் பேரையும் இரண்டு ஆசிரியரையும் அழைத்துச் செல்வோம். எந்த இடத்தில் நிழல் இல்லை, எங்கே குடிநீர் போதவில்லை, எந்த மதகின்மேல் கால் வழுக்குகிறது என்பவற்றை அப்பிள்ளைகள் குறித்துவரட்டும். அக்குறிப்பைக் கொண்டு மாசி பிறப்பதற்குள் வழியைச் செப்பனிட்டுவிடலாம்.