முரசுகட்டிலும் ஒலிபெருக்கிக் கம்பமும்

பண்டைத் தமிழ்வேந்தர் தம் வீரமுரசைத் தெய்வமெனவே போற்றினர் என்பது சங்கநூல் கற்பார் யாவரும் அறிந்ததொன்று. அம்முரசினை வைத்தற்கெனத் தனியே ஒரு கட்டில் உண்டு. அதனை முரசுகட்டில் என்பர். முரசு நீராடச் சென்றிருந்த வேளையில் மோசிகீரனார் என்னும் புலவர் அஃது இன்னதென அறியாது அக்கட்டில்மேற் படுத்து உறங்கிவிட்டார். அதன்மீது ஏறினாரை வாளால் வெட்டுதலே அந்நாளைய முறை. தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையோ வாளை விடுத்து, புலவர் துயிலெழுமளவும் கவரி வீசி நின்றான். புறநானூற்றின் 50-ஆம் பாட்டு இந்நிகழ்ச்சியைக் கூறுகின்றது. வகுப்பில் இதனைப் பயிலுங்கால் நாம் அரசனது தமிழன்பைப் பேசி மகிழ்கின்றோமேயன்றிக் கட்டிலைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. முரசு ஆண்டு இல்லாதபோதும் அதன் இருக்கைக்கு அத்துணைப் பெருமை இருந்தது என்பதனையே யாம் ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம்.

இக்காலத்து முரசு ஒலிபெருக்கியேயாம். இரயில் நிலையத்திலும், மருத்துவமனையிலும், தொழிற்சாலையிலும், கடற்கரைச் சிற்றூரிலும் ஆபத்து நேர்ந்துழி மக்களை அழைப்பதும் விலக்குவதும் அதன் தொழில். மைக்கினையும் பெருக்கியையும் பற்றிப் பேசுவார் பலர். ஒலிபெருக்கியைக் கம்பத்திலும் சுவரிலும் கூரையிலும் பற்றி நிற்கச்செய்யும் பிராக்கெட்டு, கிளாம்பு, போல்ட்டு, நட்டு, வாஷர் ஆகிய சிறு பொருள்களைப் பொருட்படுத்துவார் மிகச் சிலர். அவற்றின் விலையும் சிறிது. ஆயின் அவை தம் பிடியை விட்டால் மற்றவை அனைத்தும் இருந்தும் இல்லாதனவே.

2004-ஆம் ஆண்டு திசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கியபோது நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அதே நாளில் புதுச்சேரியைச் சார்ந்த நல்லவாடு என்னும் மீனவர் ஊரில் ஓருயிரும் சேதமாகவில்லை. சிங்கப்பூரிலிருந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் செய்தியறிந்து வீட்டிற்குத் தொலைபேசியிற் கூறினார். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அவ்வூரில் அமைத்திருந்த அறிவு மையத்தில் ஓர் ஒலிபெருக்கி இருந்தது. நாள்தோறும் கடலலையின் உயரத்தை மீனவர்க்கு அறிவித்தற்கென நிறுவப்பட்டது அது. ஊரார் ஓடிச்சென்று அதன்வாயிலாக எச்சரிக்கை விடுத்தனர். வீடுகளும் படகுகளும் அழிந்தன. ஏறக்குறைய 500 குடும்பத்தார் உயிர் தப்பினர்.

இவ்வரலாற்றைச் சொல்வோர் பலரும் தொலைபேசியையே வியக்கின்றனர். வியத்தற்குரியதுதான். ஆனால் அக்கூம்புகள் அன்று காலையிற் கட்டப்பட்டவை அல்ல என்பதை நாம் மறத்தலாகாது. கயிறும் ஏணியும் தேடி, மைக்செட்டுக்காரரை வீட்டிலிருந்து அழைத்துவந்து, கூம்பைத் தென்னையிற் கட்டி முடிக்குமுன் அலை வந்திருக்கும். பிறிதொன்றும் கூறவேண்டும். அன்று மையத்தின் கதவு பூட்டியிருந்தது. ஊரார் அதனை உடைத்தே உட்புகுந்தனர். மைக்கு அமையுமிடமும் தாங்கும் உறுப்புகளுள் ஒன்றே என்று யாம் கொள்வது இதனாலேயாம். ஆபத்துக்கால மைக்கினைப் பூட்டிய அறையின் மூலையில் வையாது, அறிந்தோர் உடனே எட்டும் உயரத்தில், கண்ணாடி முகமுள்ள சுவர்ப்பெட்டியுள் கொக்கியில் மாட்டி வைத்தலே தக்கது.

இனிக் கூம்பின் அமைப்பைக் காண்போம். 'ப' வடிவான இரும்புப் பிராக்கெட்டு ஒன்று கூம்பை இருபுறமும் பற்றும். பக்கத்துப் போல்ட்டுகளைத் தளர்த்திக் கூம்பை மேலும் கீழும் சாய்த்து வேண்டிய கோணத்தில் நிறுத்தி மீண்டும் இறுக்குவர். வாய் சற்றே கீழ்நோக்கியிருத்தல் நலம்; இன்றேல் மழைநீர் உள்ளே தங்கும். பிராக்கெட்டினைக் கம்பத்தோடு பிணிப்பதற்கு ஒரு கிளாம்பு போதும் என்று கருதுவாரும் உளர். அகன்ற வாயுடைய கூம்பு காற்றுக்குப் பாய்மரம் போன்றது. ஒரே பிடியில் நிற்கும் கூம்பு புயற்காற்றிற் சுழன்று, ஊரை விட்டுக் கடலை நோக்கிப் பேசத் தொடங்கும். மேலும் கீழுமாக இரு கிளாம்புகள் இருப்பின் அவ்வாறு சுழலாது.

தன் ஒலியாலேயே தான் அதிர்வது ஒலிபெருக்கியின் இயல்பு. அதிர்ச்சி நட்டினைச் சிறிது சிறிதாகத் தளர்த்தும். அதனாலேயே ஸ்பிரிங் வாஷரோ, ஒன்றன்மேல் ஒன்றாக இரு நட்டுகளோ இடுகின்றனர். (நம் பழைய தேவாலயங்களில் மணி கட்டிய முன்னோர் இவ்வுண்மையை அறிந்திருந்தனர். ஆடும் மணியின் விசை கோபுரச் சுவரைப் பிளவாதிருத்தற்பொருட்டு, மணியைச் சுவரில் தொங்கவிடாது தனி மரச்சட்டத்தில் ஏற்றும் வழக்கம் ஐரோப்பாவில் நெடுங்காலமாக உண்டு.) கூம்பு பிடி நழுவினாலும் கீழே நிற்பார் தலையில் விழாதபடி, பிராக்கெட்டை நம்பாத தனி எஃகுக் கயிறொன்றால் அதனைக் கம்பத்தோடு பிணைத்தல் வேண்டும்.

கடற்கரையில் இவற்றின் பகைவன் உப்புக்காற்று. அலுமினியக் கூம்பில் சாதாரண இரும்புப் போல்ட்டு முறுக்கப்பட்டு, இரண்டின் இடையிலும் உப்பீரம் படிந்தால், அவ்விடம் ஒரு சிறு மின்கலம் ஆகிவிடும். அலுமினியம் உள்ளிருந்தே அரிக்கப்படும். மேலே பூசிய வண்ணம் அழகாகவே இருக்கும்! மாலிப்டினம் கலந்த துருப்பிடியா எஃகினாலான போல்ட்டும், இரண்டு உலோகமும் தொடாதவாறு இடையில் நைலான் வாஷரும் இடுதல் இதற்கு மருந்து. இத்துணைச் சிறு செலவை மிச்சம்பிடிப்பது சிக்கனம் என்று யாம் கருதவில்லை.

எவ்வளவு உயரத்திற் கட்டுவது? தூரம் இருமடங்காகுந்தோறும் திறந்த வெளியில் ஒலி 6 டெசிபல் குறையும் என்பது இயற்பியல். கேட்போன் தலைக்கு 2 மீட்டர் மேலிருந்த கூம்பை 8 மீட்டர் மேலேற்றினால், நேர்கீழே நிற்பவனுக்கு 12 டெசிபல் குறைகின்றது. 100 மீட்டர் அப்பால் நிற்பவனுக்கோ வேறுபாடு தோன்றாது. தாழக் கட்டினால் அண்மையில் இருப்பவன் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவான். சேய்மையில் இருப்பவன் பேசியது யாதென வினவுவான். உயரத்தோடு திசையும் நோக்கற்பாலது. ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்வதாகலின், ஒருவனிடமிருந்து வெவ்வேறு தொலைவில் நிற்கும் இரு கம்பங்களின் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சொற்களைக் குழப்பும். எனவே சப்பானியர் தம் ஊர்க் கம்பங்களின்வழிப் பேசும்போது சொற்றொடரைத் துண்டு துண்டாக, இடைவிட்டு, மெல்லக் கூறுகின்றனர்.

கட்டடத்துள் வரும்போது பகை வேறு, அது தீ. பொய்க்கூரைப் பலகையில் துளையிட்டு ஒலிபெருக்கியைச் செருகிவிடுதல் எளிது. ஆயின் அதன் பாரத்தைப் பலகை தாங்கலாகாது. மேலுள்ள காங்கிரீட்டுத் தளத்திலிருந்து சங்கிலி வரவேண்டும். ஒலிபெருக்கியின் முதுகில் எஃகுக் கவிப்பொன்று இருப்பின் தீ கூரையினுட் பரவுவது தடைப்படும். கம்பி சேருமிடம் பிளாஸ்டிக்காக இன்றிப் பீங்கானாக இருக்கும். அதில் வெப்பத்தால் உருகும் பியூசு ஒன்றும் உண்டு. ஓர் ஒலிபெருக்கி எரிந்தழியும்போது அப்பியூசு அதனை வரிசையினின்று அறுத்துவிடும், எஞ்சியவை பேசிக்கொண்டேயிருக்கும். ஒன்றுவிட்டொன்றாக இரு தனி வரிசைகளில் இணைப்பதும் வழக்கம். இவையெல்லாம் சரியாயிருந்தும் கம்பியைத் தாங்கும் கிளிப்பு பிளாஸ்டிக்காயின் என்னாகும்? இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் நகரத்து அடுக்குமாளிகையொன்றில் 2010-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் தீப்பற்றியபோது, வெப்பத்தாற் பிளாஸ்டிக் உறைகள் இளகி, மின்கம்பிகள் மேலிருந்து வீழ்ந்து தொங்கின. தீயணைக்கச் சென்ற வீரர் இருவர் அவ்வீட்டினுள் மாண்டனர். அவை ஒலிபெருக்கிக் கம்பிகள் அல்ல. எனினும் படிப்பினை ஒன்றே. தீயில் முன்கூட்டி விழாத தாங்கிகளாற் கம்பிகளைப் பிணிக்கவேண்டும் என்று பின்னர் அந்நாட்டு மின்னமைப்பு விதிகள் திருத்தப்பட்டன. 2018-ஆம் ஆண்டுப் பதிப்பு அதனைக் கட்டடம் முழுமைக்கும் விரித்தது. உலோகக் கிளிப்பு ஒன்றின் விலை யாது? தேநீர் ஒரு குவளைக்கும் குறைவே.

தாங்கியின் வலிமை மட்டும் போதுமா என்று வினவுவார்க்கு 2011-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் நாளின் செய்தி விடையாகும். அன்று சப்பானின் மினாமிசன்ரிக்கு என்னும் ஊரில், 24 வயதினராகிய எந்தோ மிக்கி என்னும் நகராட்சி அலுவலர், மூன்றடுக்குக் கட்டடம் ஒன்றின் இரண்டாம் அடுக்கிலிருந்து, மேட்டிற்கு ஓடுமாறு ஊராரை இடைவிடாது எச்சரித்துக்கொண்டிருந்தார். தெருக்கள்தோறும் நின்ற கம்பங்கள் அக்குரலைப் பரப்பின. அதனைக் கேட்டு உயிர் பிழைத்தோர் பலர். முதலில் 6 மீட்டர் என்று மதிப்பிடப்பட்ட அலை, பின் 10 மீட்டர் என்று திருத்தப்பட்டது. வந்ததோ அதனினும் பெரிது. அக்கட்டடத்தின் உயரம் ஏறத்தாழ 12 மீட்டரே. அலை அதன் உச்சிக்கும் மேலே சென்றது. சிவந்த இரும்புச் சட்டம் மட்டும் எஞ்சியது. அவர் திரும்பவில்லை. கூம்புகள் உயரத்தில் இருந்தன. பேசியவர் இருந்த இடமோ அலைக்குத் தாழ்ந்திருந்தது. அவரது தியாகத்தைச் சைத்தாமா மாகாணத்தார் 2012-இல் பள்ளிப் பாடமாக்கினர். போற்றத்தக்கதே. எனினும், பேசும் அறையை மேட்டில் அமைத்திருப்பின் அப்பாடத்திற்கு இடமே நேர்ந்திராதே என்று எம் உள்ளம் வருந்துகின்றது.

அந்நாட்டு ஊர்கள் பலவற்றில் மாலை 5 மணி அளவில் அக்கம்பங்களிலிருந்து ஓர் இனிய இசை எழும். விளையாடும் சிறுவர் அதனைக் கேட்டு வீடு திரும்புவர். ஒலிபெருக்கிகளை நாள்தோறும் சோதித்தற்கெனவே அவ்விசை விடப்படுகின்றது. நல்லவாட்டில் அலையின் உயரம் கூறப்பட்டதும் இவ்வாறே பயன் தந்தது: கூம்பு இருக்கின்றதா, திரும்பிவிட்டதா, பேசுகின்றதா என்பதை ஊர் முழுதும் தன் காதால் அன்றாடம் அறிந்திருந்தது. நம்மூர்க் கம்பங்களிலும் ஏதேனும் ஒன்றைத் தினம் ஒருமுறை ஒலிக்கச் செய்யலாம், நேரமாயினும் போதும். ஒலியாத நாளில், மறுநாளே ஏணியோடும் ஸ்பானரோடும் ஒருவர் மேலேறிப் பார்த்துவிடலாம்.